மடையான் நின்ற இடம்

வீட்டை மாட்டுக்கொட்டகையாக மாற்ற ஒரு மணி நேரம் போதும் என்று புருஷன் முனிரத்தினம் சொல்லியிருந்தான். ஆனால் செவ்வந்தி எதை எடுத்து ஒளித்தாலும் இன்னொன்று மிச்சமிருந்து, இது வீடுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணியை எடுத்தால் கயிறு இருந்தது. கயிற்றை அவிழ்த்தால் அது தேய்த்த தடம் கம்பத்தில் இருந்தது. காலண்டரைக் கழற்றினால் அதன் பின்னால் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. அவள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தாள். கை எதையோ எடுக்கும், எங்கே வைப்பது என்று தெரியாமல் எடுத்த இடத்திலேயே வைக்கும்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் சாலையில் இறங்கி, ஏரிக்கரையோடு சிறிது தூரம் நடந்தால் மதகு வரும். மதகுக்குக் கீழே ஐந்து வீடுகள். தண்ணீர் கசிந்து தேங்கிய ஒரு குட்டை அவற்றின் பின்புறம். பதினான்கு வருடங்களாகச் செவ்வந்தி அங்கே குடியிருக்கிறாள். மகளை அங்கேதான் வளர்த்தாள், அங்கிருந்துதான் கட்டிக்கொடுத்தாள். ஆனால் பட்டா கிடையாது, கதவு எண் கிடையாது. ரேஷன் கார்டில் ஊருக்குள் இருந்த மாமியார் வீட்டு முகவரிதான் இன்னும் இருந்தது. அவள் இந்த இடத்தில் இருக்கிறாள் என்று சொல்லும் ஒரு துண்டுக் காகிதமும் அவளிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் வாட்ஸப் குழுவில் வார்டு மெம்பர் கலைச்செல்வன் ஒரு செய்தி போட்டிருந்தான். செவ்வந்தி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘ஞாயிறு காலை ஏழு மணிக்கு நமது ஏரிக்கரையில் வாழிடக் கணக்கெடுப்பு. ஒத்துழைப்பு தரவும்.’

“வாழிடம்னா இன்னாய்யா?” என்று புருஷனைக் கேட்டாள்.

“வாய்ற எடம். நாம வாய்ற எடம். வூடுதான்.”

பக்கத்து வீட்டுச் செல்லாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வாய்றவங்கோ வூட்டத்தானே எண்ணப்போறாங்கோ? நாம எங்க வாய்ந்தோம், சும்மா இருந்துகினு கீறோம். நம்மள வுட்டுடுவாங்கோ” என்றாள்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏரிப் புறம்போக்கில் இருந்த வீடுகளை எங்கோ இடித்த கதைகள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது. முதலில் எண்ணிக்கொண்டு போவார்களாம், பிறகு நோட்டீஸ் வருமாம், அதற்குப் பிறகு மஞ்சள் இயந்திரம் வருமாம். முனிரத்தினம் நெல் மூட்டை தூக்கப் போகும் இடத்தில் ஒருவன் அவனுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தான்.

“வூடுன்னு எழுதினாத்தான் நோட்டீஸு. கொட்டாயின்னு எழுதினா கண்டுக்க மாட்டான். ஞாயித்துக்கெயம ஒரு நாளு. பாய், தலகாணி, டிவி, அடுப்பு எல்லாத்தயும் அம்முலு வூட்ல போட்டுட்டு வந்துட்றேன். நீ இங்க வேலைக்கு வந்தவ மாதிரி நில்லு.”

“நிக்கத் தெரியும். பொய் சொல்லத் தெரியாதே.”

“கேட்டா மட்டும் சொல்லு. கேக்கலன்னா நீயா சொல்லாத.”

அம்முலு அவனுடைய தங்கை, மானாம்பதியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவிஎஸ் வண்டியில் மூட்டைகளை முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு அவன் போய்விட்டான். போகும்போது, வாசலில் ஒரு மாடாவது நிற்கட்டும் என்று செல்லாயியின் கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து முளையில் கட்டிவிட்டுப் போனான். அது பழக்கமில்லாத வாசலில் நிற்கப் பிடிக்காமல் கத்திக்கொண்டே இருந்தது.

“தா, செத்த நேரம் கம்முனு இரு, மாட்டுக்கொட்டாயில மாடு கத்தினாத்தான் நம்புவாங்கோன்னு நெனச்சா, இது போலீஸக் கூப்புட்ற மாதிரி கத்துது” என்று செல்லாயி அதனிடம் சொன்னாள். பிறகு அவளும் தன் சட்டி பானைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

ஒன்றை மட்டும் செவ்வந்தியால் எடுக்க முடியவில்லை. உள்ளே மாடத்தில் சாமி படமும் ஒரு சின்ன விளக்கும். தினமும் வாசல் தெளித்ததும் ஏற்றுவது. இன்று ஏற்றாமல் இருக்கப் பார்த்தாள். இரண்டு முறை மாடத்தைத் தாண்டிப் போனாள். மூன்றாவது முறை நின்று ஏற்றிவிட்டாள். சட்டியை ஒளிக்கலாம், பாயை ஒளிக்கலாம். இத்தனை வருஷம் கூடவே இருந்த தெய்வத்தை இன்றைக்கு மட்டும் நீ இங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஏழு மணிக்கு இரண்டு வண்டிகள் கரைமேல் வந்து நின்றன. மோட்டார் சைக்கிளில் கலைச்செல்வன். ஸ்கூட்டியில் ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் தொலைநோக்கி தொங்கியது. கையில் அட்டையில் செருகிய படிவமும் படம் போட்ட ஒரு தாளும். கரையிலிருந்து இறங்கும்போதே இரண்டு முறை சறுக்கினாள்.

“டீச்சரு, பாத்து” என்றான் கலைச்செல்வன். “பேரு சசிரேகா மேடம், கணக்கு டீச்சரு” என்று செவ்வந்தியிடம் சொன்னான். “கேக்கறதுக்கு ஒய்ங்கா பதில் சொல்லு.”

கணக்கு டீச்சர். எண்ணுவதற்கென்றே ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டாள்.

சசிரேகா அவசரத்தில் இருந்தாள். அவளுடைய கைபேசி நிமிடத்துக்கு ஒருமுறை ஒலித்தது. வேறு ஏரிகளுக்குப் போயிருந்த ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் தங்கள் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் பார்த்து, உதட்டைக் கடித்து, திரும்பப் பையில் போட்டாள்.

“அக்கா, நீங்க இங்கதான் இருப்பீங்களா?”

“இல்லீங்க. வேலைக்கு வருவேன்.”

“பரவாயில்ல, தினம் பாக்கறவங்கதானே. இங்க எத்தன இருக்கும்?”

செவ்வந்தி ஐந்து வீடுகளையும் பார்த்தாள். “எதுவும் இல்லீங்க. எல்லாம் கொட்டாயி.”

“நிரந்தரமா இங்கயே தங்குதா, வந்துட்டுப் போறதா?”

“வந்துட்டுப் போறதுதாங்க. காலைல வரும், பொழுதுபோனா போயிடும்.”

“ராத்திரி தங்கறதில்லையா?”

“தங்காதுங்க.”

சசிரேகா சந்தோஷமாக எழுதினாள். “ரொம்ப நல்லா சொல்றீங்க. தனியாவா, ஜோடியாவா?”

“சில நாளு ஜோடியா வருவோம்.”

எழுதிக்கொண்டிருந்த கை சற்று நின்றது. “இரை எங்க எடுக்குது?”

“இன்னாங்க?”

“சாப்பாடு. சாப்பாடு எங்க?”

“வூட்லருந்து தூக்குல எடுத்தாந்துடுவோங்க.”

சசிரேகா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு கலைச்செல்வனைப் பார்த்தாள். “அக்கா, நான் கொக்கைக் கேக்கறேன். குளத்துக் கொக்கு. இந்தப் பக்கம் எங்க பாத்தாலும் இருக்குமாம். பறவைக் கணக்கெடுப்புக்கு வந்திருக்கேன்.”

கன்றுக்குட்டி கத்தியது. செவ்வந்தி மெதுவாகக் கேட்டாள். “வாழிடம்னு போட்டிருந்துதே.”

“ஆமா. பறவையோட வாழிடம். அது எங்க நிக்குது, எங்க மேயுதுன்னு.”

“மெம்பரே, நீங்க பறவன்னு போடலியே.”

கலைச்செல்வன் தலையைச் சொறிந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஊரில் சாவென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவன். “மேல ‘நீர்ப்பறவைகள் மற்றும்’னு ஒரு வரி இருந்துச்சு. கொக்கு எண்றதுக்கு ஒத்துழைப்புக் குடுங்கோன்னு போட்டா, நாலு பேரு நாலு விதமா கமெண்ட் அடிப்பான். அந்த வரிய எடுத்துட்டேன். அதுக்கு இன்னா இப்போ?”

செவ்வந்தி மானாம்பதியில் இருக்கும் அடுப்பையும் பாயையும் நினைத்தாள். கரைக்கு அந்தப் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருப்பவர்களை நினைத்தாள். பயம் போய்விட்டது என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் கலைச்செல்வன் பேசினான்.

“அடுத்தது இன்னா மேடம் கீது?”

“வாழிடத்தோட தன்மை. தண்ணி ஆழம், செடி கொடி. அப்புறம், மனித நடமாட்டம். உண்டு, இல்லை, ரெண்டுல ஒண்ணுக்கு டிக் போடணும். பக்கத்துல குடியிருப்பு இருந்தா எத்தன வீடுன்னு எழுதணும்.”

“இல்லன்னு போடுங்க.”

“இல்லையா?”

“இப்பத்தான சொன்னா. எல்லாம் கொட்டாயி, யாரும் தங்கறது கெடையாதுன்னு. போட்டுடுங்க. நானே சைன் பண்றேன், இந்த வார்டு மெம்பரு.” பிறகு செவ்வந்தியிடம் திரும்பி, தன்மையாகவே சொன்னான். “செவ்வாக்கெயம அறுவடை மிசினு வருது. என் நெலத்துக்கு இதால திரும்ப எடமே இல்லாம எத்தினி வருசமா பேஜாரு. கொட்டாயிதானேன்னா, இந்த ஓரமா கீறத பிரிச்சுட்டாப் போதும். ஆளுங்கள நானே அனுப்பறேன்.”

ஓரமாக இருந்தது செவ்வந்தியின் வீடு.

அவள் வாயைத் திறந்தாள். எந்தச் சொல்லால் தொடங்குவது என்று தெரியவில்லை. இந்த இரண்டு பேருக்கும் முன்னால் ஐந்தாறு பொய் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொன்றையும் டீச்சர் தன் கையால் எழுதியிருக்கிறாள். இப்போது நான் சொன்னது பொய் என்றால், இனிச் சொல்வதை யார் நம்புவார்கள்? வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய், வீட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தது. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கன்றின் கயிற்றை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

சசிரேகா எழுத வசதியாக நிழல் தேடி, திறந்திருந்த கதவுப் பக்கம் போனாள். குனிந்து படிவத்தை முழங்காலில் வைத்தவள், எதேச்சையாக உள்ளே பார்த்தாள். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதிதாக வைத்த நந்தியாவட்டைப் பூ. தரை மெழுகி ஈரம் காயாமல் இருந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள். கையைக் குவித்து ஒரு நொடி நின்றாள். திரும்பிச் செவ்வந்தியைப் பார்த்தாள்.

“போட்டாச்சா மேடம்?” என்றான் கலைச்செல்வன்.

“இல்ல சார். அந்தக் கட்டத்த அப்புறம் போட்டுக்கறேன். முதல்ல கொக்கைப் பாக்கணும். மணி எட்டாகப் போகுது.”

சில நேரம் நல்ல மனசு என்பது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடுவதுதான். அந்தக் காலையில் செவ்வந்திக்கு வேறு எதுவும் கிடைத்திருக்கவில்லை. அது கிடைத்தது.

ஆனால் கொக்கு கிடைக்கவில்லை. சசிரேகா வீட்டைச் சுற்றிக்கொண்டு குட்டைக்கு வந்தாள். தொலைநோக்கியை வைத்து ஏரியைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள், கரையோரக் கோரையைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். முதுகு கருஞ்சிவப்பாய், கழுத்து மஞ்சளாய் ஒரு கொக்கு அதில் நின்றுகொண்டிருந்தது. அப்படி ஒன்று எங்கேயும் இல்லை.

“வந்ததும் மூணு வெள்ளைக் கொக்கு பறந்தது. எழுதிட்டேன். அதுல ரெண்டு இந்தப் பக்கமா வந்து இறங்கின மாதிரிதான் இருந்தது. இறங்கினதுக்கு அப்புறம் காணோம். எங்க போகும்?” அவள் குரல் தளர்ந்தது. “எல்லா ஏரியிலயும் பத்து, பதினஞ்சுன்னு போடறாங்க. இது ரொம்பச் சாதாரணப் பறவையாம். இதுகூடத் தெரியலன்னா, நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல உக்கார முடியாது. நான் டவுன்ல வளந்தவ. ஒரு நாள் பயிற்சி குடுத்து அனுப்பிட்டாங்க.”

“இல்லன்னு போட்டுட்டுக் கெளம்புங்க மேடம். கொக்கா வந்து உங்க மேல கேசு போடப்போவுது?” என்றான் கலைச்செல்வன்.

செவ்வந்தி குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கும் கல்லுக்கு இந்தப் பக்கம், டீச்சரின் கால்களிலிருந்து பத்தடியில், அது நின்றுகொண்டிருந்தது. கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, சேற்றிலிருந்து முளைத்த கட்டை மாதிரி. மார்பில் மண்ணும் நிழலுமாக வரிவரியாகக் கோடுகள். கண் மட்டும் மஞ்சளாக, தண்ணீரை விட்டு விலகாமல். எப்போதும் போலத்தான். டீச்சர் தூரத்தையே தேடிக்கொண்டிருந்தாள்.

சும்மா இருந்தால் போதும். டீச்சர் இல்லையென்று எழுதிக்கொண்டு போய்விடுவாள். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். கேட்டா மட்டும் சொல்லு என்றுதான் முனிரத்தினமும் சொன்னான். அவள் முந்தானையை முறுக்கினாள், பிரித்தாள். இந்தப் பெண் என் வாசலில் செருப்பைக் கழற்றினாள் என்று நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு ஒன்றும் இல்லை.

“டீச்சர், நகராம நில்லுங்க. உங்க இடது கால் பக்கம், கல்லு கீதே, அதுக்கு இந்தாண்ட பாருங்க.”

“எங்க?”

“கட்ட மாதிரி கீறது.”

“அது கட்டதானே?”

“கட்டைக்குக் கண்ணு இருக்குமா டீச்சர்?”

சசிரேகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டைக்கு மெல்ல அலகு வந்தது, கழுத்து வந்தது, மங்கிய பச்சைக் கால்கள் வந்தன. அது ஒரு காலைத் தூக்கி, தண்ணீர் அசையாமல் முன்னால் வைத்தது. கழுத்து நீண்டது தெரியவில்லை. திரும்ப வரும்போது அலகில் ஒரு மீன்குஞ்சு துடித்தது.

“படத்துல சிவப்பா இருக்கே” என்று கிசுகிசுத்தாள்.

“அது கல்யாண வேஷம் டீச்சர். கோடை முடியற சமயம் கட்டிக்கும். குடும்பம் முடிஞ்சா அவுத்துப் போட்டுடும். தையில இப்பிடித்தான், மண்ணாட்டம் கீது.”

“ஆனா இங்க எதுவும் வந்து இறங்கலையே. அந்த வெள்ளைக் கொக்கு ரெண்டும்தான்...”

“அதுதான் இது.” செவ்வந்தி குனிந்து ஒரு சின்ன மண்கட்டியை எடுத்து, பறவைக்கு ரொம்பத் தள்ளித் தண்ணீரில் போட்டாள். கரகரவென்று ஒரு கத்தல். கட்டையாக நின்றது பளீரென்று வெள்ளையாக எழும்பியது. கோரையிலிருந்து இன்னொன்றும் எழும்பியது. இரண்டும் குட்டையைச் சுற்றி, மதகின்மேல் போய் இறங்கி, சிறகை மூடிக்கொண்டன. வெள்ளை மறைந்தது. மதகில் இரண்டு கல் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான்.

“நிக்கசொல்ல மண்ணு, பறக்கசொல்ல பாலு. றெக்க மட்டுந்தான் வெள்ள, முதுகு பாத்தா நெறம் தெரியும். அசல் வெள்ளக் கொக்குக்கு ஒடம்பு பூரா வெள்ள, காலு கருப்பா பின்னால நீட்டிக்கினு போவும். நீங்க ரெண்டு வகையையும் ஒண்ணா எழுதிட்டீங்கோ. வெள்ளக் கொக்கு ஒண்ணு. இது ரெண்டு. மடையான்னு சொல்லுவோம்.”

“என்னது?”

“திட்டல டீச்சர். மடைகிட்டயே நிக்கும் இல்ல, அதால மடையான்.”

சசிரேகா சிரித்துவிட்டாள். அன்று காலையில் அவள் முதல்முறையாகச் சிரித்தாள். எழுதியிருந்ததை அடித்து, புதிதாக எழுதினாள். பேனா ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள். “எப்பவும் இந்த இடத்துலதான் மேயுமா? ஏன் இந்தக் குட்டை? அவ்ளோ பெரிய ஏரி இருக்கே.”

இதுதான் கேள்வி என்று செவ்வந்திக்குத் தெரிந்தது.

“ஏரில ஆழம், அதுக்குக் காலு எட்டாது. அதுக்குக் கணுக்கால் தண்ணிதான் வோணும். அப்பறம், நான் காலைல அரிசி களைஞ்ச தண்ணிய இந்தக் கல்லாண்ட ஊத்துவேன். குஞ்சு மீனு கூட்டமா வரும். அது வரும்னு இதுக்குத் தெரியும். நான் வர்றதுக்கு முன்ன வந்து நின்னுக்கினு இருக்கும். இன்னிக்குக் களையல. ஆனாலும் வந்து நின்னுச்சு.”

கலைச்செல்வன் பல் குத்திக்கொண்டிருந்த ஈர்க்குச்சியை வாயிலிருந்து எடுத்தான்.

“காலைல அரிசி களையறியா? எந்த வூட்ல?”

“இந்த வூட்லதான், மெம்பரே.”

“கொட்டாயின்ன.”

“பொய் சொன்னேன். இடிச்சுடுவாங்கன்னு பயந்து சொன்னேன். டீச்சர், நான் முன்ன சொன்னது எல்லாத்தயும் அடிச்சுடுங்கோ. பதினாலு வருசமா இங்கதான் இருக்கேன். ராத்திரியும் இங்கதான். அஞ்சு வூடு. அஞ்சுலயும் ஆளு கீது. கரைக்கு அந்தாண்ட சட்டிப் பானையோட உக்காந்துகினு கீறாங்கோ, வேணும்னா கூப்புட்றேன்.”

இந்த முறை கால் நின்ற இடத்தில் நின்றது.

“எனக்குத் தெரியாதா நீ இங்க கீறது?” என்றான் கலைச்செல்வன், சற்று எரிச்சலாக. “ஒன் பொண்ணு கல்யாணத்துல பந்தில உக்காந்து சாப்ட்டவன் நானு. நீதானே இல்லன்ன.”

“நான் இல்லன்னேன். நீங்க தெரிஞ்சதச் சொல்லலியே, மெம்பரே.”

அவன் ஏரியைப் பார்த்தான். ஒரு மனிதனை அவன் மறந்துவிட்ட நல்லதனத்தின் அருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நாம் சற்றுத் தள்ளி நின்றால் போதும். செவ்வந்தி தள்ளித்தான் நின்றாள். பிறகு அவளே பேசினாள்.

“மிசினுக்கு எடம் வோணும், அவ்ளோதானே. இந்த முளையப் புடுங்கிட்றேன். முள்ளு வேலிய ரெண்டு முழம் உள்ள தள்ளிக்கறோம். வைக்கப் போரு வண்டித் தடத்துல கீது, அதையும் பின்னால போட்டுக்கறோம். செவ்வாக்கெயம வண்டி திரும்பும். திரும்பலன்னா அன்னிக்கி என்ன ரெண்டு திட்டுங்கோ.”

அவன் போய் வேலியிலிருந்து வரப்பு வரை காலால் அடியளந்தான். மறுபடி அளந்தான். “ரெண்டு முழம் பத்தாது. மூணு.”

“ரெண்டரை.”

“சரி வுடு” என்றான். திருப்தியும் இல்லை, கோபமும் இல்லை. சசிரேகாவிடம் வந்து, “எங்க சைன் போடணும்?” என்று கேட்டான்.

“முதல்ல நான் இத முடிச்சுடறேன் சார்.” மனித நடமாட்டம் என்ற இடத்தில் அவள் ‘உண்டு’ கட்டத்தில் குறியிட்டாள். பக்கத்தில் ஐந்து வீடுகள் என்று எழுதினாள். கீழே, குறிப்பு என்ற இடத்தில், அரிசி களைந்த நீருக்கு மீன் வருவதையும் மீனுக்குக் கொக்கு வருவதையும் இரண்டு வரியில் எழுதினாள். அதை உரக்கப் படித்தும் காட்டினாள். கலைச்செல்வன் கையெழுத்துப் போட்டான். இனிஷியல் ‘எம்’ போட்டுப் புள்ளி வைக்கும் இடத்தில் பேனாவைச் சற்று அழுத்தினான். வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வரப்பில் இறங்கிப் போனான்.

“அக்கா, ஒண்ணு சொல்லிடறேன்” என்றாள் சசிரேகா. “இது பட்டா இல்ல. பறவைக் கணக்குதான். இத வச்சு ஆபீஸ்ல ஒண்ணும் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“தெரியும் டீச்சர்.”

“நோட்டீஸ் வராதுன்னும் என்னால சொல்ல முடியாது.”

“அதுவும் தெரியும். வந்தா அப்ப பாத்துக்கலாம். இனிமே இல்லன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.”

அதற்குள் செல்லாயி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையிறங்கி வந்துவிட்டாள். பின்னால் மற்றவர்கள். என்ன ஏது என்று கேட்டு, கொக்கு எண்ண வந்தார்கள் என்று தெரிந்ததும் செல்லாயி கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“கொக்குக்காவாடி காலைலேருந்து கஞ்சித்தண்ணி இல்லாம வெயில்ல உக்காந்துகினு இருந்தோம்? ஒம் புருஷன் வரட்டும். கன்னுக்குட்டிக்கு வாடக கேக்கறேன்.”

செவ்வந்தி கைபேசியை எடுத்து முனிரத்தினத்தைக் கூப்பிட்டாள். “திரும்பி வாய்யா. எல்லாத்தயும் ஏத்திக்கினு வா. மொதல்ல அடுப்பு.” அந்தப் பக்கம் அவன் ஏதேதோ கேட்டான். “வா, சொல்றேன்” என்று வைத்தாள்.

சசிரேகா படிவத்தின் கடைசி வரிக்கு வந்திருந்தாள். “தகவல் தந்தவர் பேர், முகவரி. உங்க பேர் போடலாமா?”

செவ்வந்தி தயங்கவில்லை. “போடுங்கோ.”

“முகவரி? கதவு நம்பர் இல்லையே.”

“மதகுக்குக் கீழண்ட மொதல் வூடு, ஏரிக்கரைன்னு போடுங்கோ.”

இதைக் கேட்டுக்கொண்டிருந்த செல்லாயி முன்னால் வந்தாள். “எம் பேரும் போடும்மா. நானும் தகவல் தர்றேன்.”

“நீங்க என்ன பறவை பாத்தீங்க?”

“காக்கா.”

“நீர்ப்பறவை மட்டும்தான் பாட்டி.”

“எங்க காக்கா தண்ணிலதான் குளிக்கும்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்லாயி சிரிக்கவில்லை. “சரி, அந்த மடையானையே நானும் பாத்தேன்னு போடு. ரெண்டாவது வூடு.” அவளுக்குப் பின்னால் மூன்றாவது வீட்டுக்காரரும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நான்காவது வீட்டுக்காரியும் வந்து நின்றார்கள்.

சசிரேகா மணியைப் பார்த்தாள். ஒன்பது தாண்டியிருந்தது. குழுவில் எல்லோரும் கணக்கை முடித்துவிட்டார்கள். அவள் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கும் கல்லில் உட்கார்ந்தாள். முதல் பெயரை எழுதி முடித்து, சரியா என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினாள்.

செவ்வந்தி விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். ‘செவந்தி, மதகுக்குக் கீழ் முதல் வீடு, ஏரிக்கரை.’ விரல் திரும்பவும் முதல் சொல்லுக்கு வந்து நின்றது.

“ஒரு ‘வ்’ வுட்டுப்போச்சு டீச்சர். செவ்வந்தி. நடுவுல புள்ளி வச்ச ‘வ்’ வரும்.”

“சாரிக்கா” என்று சசிரேகா வரிக்கு மேலே இடம் பார்த்து அந்த எழுத்தைச் சிறியதாக நுழைத்தாள்.

செல்லாயி எட்டிப் பார்த்தாள். “எம் பேர்லயும் புள்ளி வச்ச ‘ல்’ ஒண்ணு கீது. அத முழுங்கிடாத தாயே” என்றாள்.